சக்கர வீட்டை இழுக்க ஒரு வண்டி

ஆறுச்சாமிக்குப் பெண் பார்க்கக்கூட இவ்வளவு நாள் ஆகவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பழனாத்தாளைப் பார்த்து, பஜ்ஜியைத் தின்று, சரி என்று சொல்லிவிட்டு எழுந்த மனிதர். அதே மனிதர் ஒரு பிக்கப்பு வண்டி வாங்க ஐந்து மாதமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். நினைக்க நினைக்கப் பழனாத்தாளுக்கு வயிறு எரிந்தது.

எல்லாம் மூணாற்றில் பிடித்த வினை. எழுபத்தாறாம் வருஷம் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது தன் சக்கர வீட்டை விற்றார். இரண்டு சக்கரம், தகரக் கூரை, உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. ஒரு வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்தால் குடும்பமே அதற்குள் படுத்தபடி ஊர் சுற்றலாமாம். ஆறுச்சாமி அதை லாரியில் ஏற்றித் தன் ஊரான மீனாட்சிபுரத்துக்குக் கொண்டுவந்து களத்தில் இறக்கினார்.

"ஏனுங்க, நமக்குத்தான் ஊடு இருக்குதே, இது எதுக்குங்க?" என்றாள் பழனாத்தாள்.

"அம்முணியக் கூட்டியாரத்தான். மாசமா இருக்கற புள்ள பஸ்ஸுல குலுங்கீட்டு வரோணுமா? படுக்க வெச்சு அலுங்காமக் கூட்டியாரலாம்."

அம்முணி என்றால் ஒரே மகள் பூவாத்தாள். குமுளி மலைக்கு மேலே ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டு மருமகள். அப்போது நாலாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். அழைத்து வருவதும் ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில்தான். எட்டாம் மாதத்தில் எந்த மாமியாரும் வாசல் தாண்ட விடமாட்டாள். அதற்குள் இழுக்க ஒரு வண்டி வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ஆறுச்சாமி வண்டி பார்த்த அழகை என்னவென்று சொல்ல! மாட்டுச் சந்தையில் காளைக்குச் சுழி பார்க்கிற கண்ணோடுதான் பார்த்தார். குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பார். பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். நாலடி நடக்கவிட்டுப் பின்சக்கரம் இழைகிறதா என்று பார்ப்பார். பால் கேன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டி வந்தது, மூன்று காலில் நிற்பது வீட்டுக்கு ஆகாது என்றார். பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப்பாக்கிய ஜீப் வந்தது, அதற்கு ஒரு விளக்கு மாறுகண்ணாக இருந்ததாம். இப்படியே ஏழாம் மாதம் போயேபோய்விட்டது.

சம்பந்தியம்மாள் நாச்சம்மாளிடமிருந்து ஆள்மூலம் சேதி வந்தது. "ஒம்பதுலயும் வரலீன்னா இங்கியே பெத்துக்கட்டும். உங்க ஊட்டுல சக்கரம் வெச்ச பவுசு மொதல்ல முடியட்டும்." கூடவே பூவாத்தாள் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்று. 'அம்மா, எனக்குப் பயமா இருக்குது. நீ பக்கத்துல இல்லாம என்னால ஆகாது.' பழனாத்தாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

எட்டாம் மாதக் கடைசியில் ஒரு வழியாக வண்டி அமைந்தது. பட்டாளத்து ஏலத்தில் வந்த பச்சைப் பிக்கப்பு. களத்து ஓரத்தில் நின்ற புளியமரத்து அடிக்கட்டையில் சங்கிலி கட்டி இழுக்கவிட்டார் ஆறுச்சாமி. கட்டை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பாதி ஊர் கூடிக் கைதட்டியது.

மூணாற்றுத் தோட்டச் சாலைகளில் ஜீப் ஓட்டிப் பழகிய செல்லத்துரையை டிரைவராக வைத்தார். அவன் மட்டும் கைதட்டவில்லை. "அண்ணாச்சி, குமுளி மலையில கொண்டை ஊசி வளைவு இருக்கு. வண்டி திரும்பிரும், வால் திரும்பாது."

"இழுக்குமா இழுக்காதா? அத மட்டும் சொல்லு."

"இழுக்கும் அண்ணாச்சி."

"அப்புறமென்ன!"

ஒன்பதாம் மாதம் பிறந்தது. புதன்கிழமை நாள் குறித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறுச்சாமி, பச்சை வண்டிக்குப் பின்னால் வெள்ளை வீடு பொருந்தவில்லை, பச்சை அடித்துக் காய்ந்ததும் அடுத்த புதன் போகலாம் என்றார். விடிந்ததும் பழனாத்தாள் ஒயர் கூடையில் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு போய்ப் பஸ் ஏறிவிட்டாள்.

பழனி, தேனி, கம்பம் என்று மூன்று பஸ் மாறி, இடுப்பு ஒடிய ஆனைக்கரை சேர்ந்தாள். நாச்சம்மாள் பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு குமுளியில் கம்பம் பஸ் பிடித்தாள்.

மலையில் பாதி இறங்கியதும் பஸ் நின்றது. முன்னால் வரிசையாக லாரிகள். பூவாத்தாள் பல்லைக் கடித்தாள். "அம்மா, இடுப்பு ஒரு மாதிரி வலிக்குது."

பழனாத்தாள் கீழே இறங்கி வேகமாக முன்னால் போனாள். மூன்றாவது வளைவில் ஒரு பச்சைப் பிக்கப்பு. அதன் பின்னால் மூக்கு பாறையிலும் வால் பள்ளத்து ஓர மதில்கட்டையிலும் செருகி, ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது வீடு. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் இன்னும் வெள்ளை. அடப்பாவி மனுஷா! பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதும் ரோஷம் வந்து, காயாத பெயிண்ட்டோடு பின்னாலேயே கிளம்பியிருக்கிறார்.

"நல்லா இழுக்குது புள்ள," என்றார் ஆறுச்சாமி, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "திரும்பத்தான் மாட்டீங்குது."

"அம்முணிக்கு வலி கண்டிருக்குது. கழட்டுங்க."

செல்லத்துரை கடப்பாரையால் அடித்துக் கொக்கியைக் கழற்றினான். பிக்கப்பு விடுபட்டது. வீடு அசையவில்லை. பின்னால் நகர்த்தலாம் என்றால் அடிவாரம் வரை லாரி.

"பள்ளத்துல தள்ளுங்க," என்றாள் பழனாத்தாள்.

"ஏம்புள்ள, உள்ள கட்டிலு, மெத்தை, அடுப்பு... எல்லாம் அம்முணிக்குன்னுதான..." அந்த நேரத்திலும் அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு பூவாத்தாள் வந்து நின்றாள். "அப்பா, தள்ளீருங்கப்பா. முடியல."

மகளின் முகத்தைப் பார்த்ததும் ஆறுச்சாமி துண்டை உதறித் தலையில் கட்டினார். முதல் தோள் அவர் தோள்தான். பஸ்காரர்களும் லாரிக்காரர்களும் கை கொடுத்தார்கள். வீடு மதில்கட்டையில் ஒரு நொடி சாய்ந்து நின்று, பிறகு திரைச்சீலை பறக்க, பாத்திரம் உருள உருளக் கீழே போயிற்று. அடியில் புதர்தான்.

அன்று ராத்திரி பிக்கப்பில் மீனாட்சிபுரம் சேரும்போது வலி நின்றிருந்தது, பொய் வலி. வீடு போனது பொய் வலிக்குத்தான் என்று பழனாத்தாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டே பூவாத்தாள் பெண் குழந்தை பெற்றாள்.

பதினாறாம் நாள் சம்பந்திகள் வந்தார்கள். நாச்சம்மாள் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டு, களத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சக்கரம் வெச்ச ஊடு வாங்கியிருக்கறீங்கன்னு ஊரே பேசுச்சுங்களே, எங்கீங்க காணோம்?"

ஆறுச்சாமி தொழுவத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனார்.

"உங்க மலையிலதான் வெச்சுட்டு வந்தோமுங்க," என்றாள் பழனாத்தாள், காப்பியை நீட்டியபடி. "அம்முணிக்குச் சீராக் குடுத்ததா நெனச்சுக்குங்க. போறப்ப மூணாவது வளைவுல பஸ்ஸ நிறுத்தி, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."