நல்ல கிருமியும் அண்ணனின் நீலச் சட்டையும்

எனக்குத் தலையில் பாதி நரைத்துவிட்டது. அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். அதனால் நான் வாயைத் திறந்தாலே அவருக்குச் சிரிப்பு வரும்.

அப்பா விட்டுப்போன முட்டைக்கோழிப் பண்ணையை நாங்கள் இருவரும்தான் நடத்துகிறோம். கோடையில் கோழிகளுக்குச் சீக்கு வந்தது. மருந்து கொடுத்துக் காப்பாற்றினோம். ஆனால் அந்த மருந்து கெட்ட கிருமியோடு சேர்த்து, குடலில் இருந்த நல்ல கிருமியையும் துடைத்தெடுத்துவிட்டது. எச்சம் தண்ணீராகப் போனது. முட்டை பாதியாகக் குறைந்தது. வந்த முட்டையும் விரல் பட்டாலே உடைந்தது. கால்நடை மருத்துவர் ஒரு பொடியைக் கொடுத்து, இதில் உயிருள்ள நல்ல கிருமி இருக்கிறது, தினமும் காலையில் குடிதண்ணீர்த் தொட்டியில் கலந்துவிடுங்கள் என்றார்.

“கிருமிய ஒழிக்கத்தானே பாப்பா இத்தன வருஷமா பாடுபடறோம்? இப்போ நீயே வாங்கி ஊத்தறியா?” என்றார் அண்ணன்.

“இது தயிர்ல இருக்கற மாதிரிண்ணா. உயிரோட வயித்துக்குள்ள போகணும். தொட்டில பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுடாதீங்க, எல்லாம் செத்துடும்.”

“சரி சரி,” என்றார். அந்தச் சரியை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் பார்ப்பது, முட்டை கூடாவிட்டால் கோழிகளைக் கறிக்கு விற்றுவிடுவது என்று பேச்சு. குஞ்சாக வந்த நாளிலிருந்து நான் வளர்த்தவை அவை. விடிந்ததும் விடியாததுமாகத் தொட்டி மேல் ஏறிக் கலக்கினேன். ஒரு முட்டை கூடவில்லை. சாப்பாட்டு மேசையில் அண்ணன் நலம் விசாரிப்பார்: “உன் கிருமிங்க எல்லாம் நல்லா தூங்குதா பாப்பா?” அண்ணிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். எனக்குத்தான் கலக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

மாதம் முடிந்ததும் கறி வியாபாரியின் லாரி வந்தது. கூண்டு கூண்டாக ஏற்றினார்கள். அண்ணன் கையை நீட்டி நீட்டி வேலை ஏவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் சட்டையைக் கவனித்தேன். அண்ணி போன வாரம் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. வலது கைப்பக்கம் முழுக்கச் சாயம் போய் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பிளீச்சிங் பவுடர் தெறித்தால்தான் புதுத்துணி அப்படி ஆகும்.

“அண்ணா, தொட்டில என்ன போட்டீங்க?”

அவர் மறைக்கக்கூட இல்லை. “கொஞ்சூண்டு பவுடர்தான். நீ கலக்கிட்டு இறங்கினதும் போடுவேன். நீ கிருமிய ஊத்திட்டுப் போவ, நான் கையக் கட்டிட்டுப் பாத்துட்டு இருக்கணுமா?”

“தினமுமா?”

“பின்ன? நீ தினமும் ஊத்தறியே.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கிருமியைக் கலக்காதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் எல்லாவற்றையும் சாகடித்துவிட்டு, அப்புறம் மேசையில் உட்கார்ந்து நலமும் விசாரித்திருக்கிறார்.

லாரிக்கு முன்னால் போய் நின்றேன். ஏற்றியதை இறக்க மாட்டேன், பேசினது பேசினதுதான் என்றார் வியாபாரி. கடைசி வரிசை மட்டும்தான் பாக்கி இருந்தது. “அதத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற,” என்றேன். யாரும் தொடவில்லை. அண்ணன் இனி ஏற முடியாதபடி தொட்டி ஏணியை அன்றே என் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதில் இடித்துக்கொண்டேதான் படுக்கிறேன்.

அந்த வரிசை தேறியது. முதலில் எச்சம் இறுகியது, பிறகு முட்டை கூடியது, ஓடும் கெட்டியானது. அந்தப் பக்கமாக வந்த வியாபாரி எட்டிப் பார்த்தார். அண்ணன் அவரைக் கூட்டிப்போய் முட்டைத் தட்டுகளைக் காட்டினார்.

“நல்ல கிருமி குடுக்கறோம் நாங்க. வயிறு சரியா இருந்தாத்தான் முட்டை,” என்றார், என்னவோ தானே கண்டுபிடித்தது போல.

வியாபாரி ஒரு முட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். “அப்போ அன்னிக்கு நான் ஏத்திட்டுப் போனதுக்கும் இதையே குடுத்திருக்கலாமே?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பாப்பா ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்ற பார்வை.

“குடுத்தேன்,” என்றேன். “ஒரு நாள் விடாம குடுத்தேன். கோழி வயித்துக்குள்ள அது உயிரோட போகாம யார் பாத்துக்கிட்டாங்கன்னு இவர்கிட்டயே கேளுங்க.”

வியாபாரி அண்ணன் பக்கம் திரும்பினார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.