வடிவம்மாள் வீட்டு வாகையும் மூன்று ஊர்ச் சட்டமும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் மைத்துனன் அவன் ஊரில் ஒரு வேப்பமரத்தைக் காலையில் வெட்டி மத்தியானத்துக்குள் விறகாக்கிவிட்டான். கேட்டால், எங்க ஊர்ல யாரையும் கேக்க வேண்டாம் அத்தான் என்கிறான். நானோ என் வாசல் மரத்தில் ஒரு கொப்பை ஒடிக்க அனுமதி கேட்டு அலைந்து செருப்புத் தேய்ந்தவன். வயிறு எரிந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: ‘தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிக்கும் காலம் அது, அலைகள்—’

வேண்டாம். இந்தக் கதையில் ஒருவரும் கடலில் இறங்கப்போவதில்லை.

2

வருஷம் 1946. ஏன் அந்த வருஷம் என்றால், நகரசபை, மிஷன், ஜமீன் மூன்றும் அப்போது பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்தன. ஓர் ஊரில் மரத்தை வெட்ட முடியாவிட்டால் கதையை அடுத்த ஊருக்கு நகர்த்திவிடலாம் என்பது என் திட்டம்.*

தூத்துக்குடியில் வடிவம்மாள் வீட்டுக்கு முன்னால், தெருவில் ஒரு வாகை. அடிமரம் பொந்து, வேர் தளர்ச்சி. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் கிழக்கே வடிவம்மாள் கூரைமேல் சாயும். வடகிழக்கிலிருந்து வாடை அடித்தால் மேற்கே, எதிர்வீட்டுக் கருப்பட்டி வியாபாரி வீரபாகு அண்ணாச்சி பக்கம் சாயும். வடிவம்மாளின் மகள் முத்துக்கனி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து அந்தக் கூரைக்கடியில்தான் படுத்திருக்கிறாள். ஆனி மாதம், கச்சான் தொடங்கும் நேரம். மகளைத் திருப்பி அனுப்பினால், பிள்ளைப்பேறு பார்க்க வக்கில்லாதவள் என்று சம்பந்தி வீட்டில் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

நகரசபை விதிப்படி ஓவர்சியர் நேரில் பார்க்க வேண்டும். ஓவர்சியர் தேவபிரசாதம் நல்ல மனிதர், பார்க்க வந்தார். ஆனால் வந்தது போன மார்கழியில். வாடைக்கு மரம் மேற்கே சாய்ந்து நின்றது. ஆகவே ஆபத்து வீரபாகுவுக்குத்தான், அவர் சரியென்றால் வெட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சியா சரியென்பார்? கொழும்புத் தோணிக்குப் போகவேண்டிய கருப்பட்டிச் சிப்பங்கள் அவர் முன்னறையில் கூரை முட்டக் கிடக்கின்றன. காலை வெயில் பட்டால் இளகிவிடும். நிழல் வேண்டும் என்றுவிட்டார்.

* விதிகளெல்லாம் என் கைச்சரக்கு. யாரும் பழைய காகிதத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரவேண்டாம்.

3

சரி, ஊரை மாற்றினேன். சாயர்புரம். அங்கே மிஷன் வளவில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமானால் முதலில் பத்துக் கன்று நட வேண்டும், அவை வேர்பிடித்த பிறகுதான் கோடாலி. பிள்ளை அதுவரை வயிற்றில் காத்திருக்குமா?

எட்டயபுரம். நிற்கிற மரம் ஜமீனுக்குச் சொந்தம். விழுந்த மரமும் ஜமீனுக்கே. அது விழுந்து நொறுக்கிய வீடு மட்டும் குடியானவனுக்குச் சொந்தம். (இந்த இடத்தில் நானே சிரித்துவிட்டேன். எழுதுகிறவன் சிரிக்கும்போது எங்கோ ஒருத்தி— சே, பொன்மொழி. அடித்துவிட்டேன்.)

அடுத்த ஊருக்கு வண்டி பூட்டச் சொன்னேன். வடிவம்மாள் நுகத்தடியைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

“ஏன்யா, நெறமாசக்காரிய மாட்டு வண்டில போட்டு ஊரு ஊரா இழுக்கீரே, நீரு பிள்ள பெத்திருக்கீரா?”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மரத்தைத்தான் நகர்த்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியைத் தூத்துக்குடிக்கே திருப்பினேன்.

4

வந்து இறங்கியதும் கச்சான் பிடித்துக்கொண்டது. முத்துக்கனிக்கு வலியும் கண்டுவிட்டது. கூரையில் ஓடுகள் சரிந்தன.

முடிவு அ: ஓவர்சியர் ஓடிவந்து கையெழுத்துப் போடுகிறார். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவு ஆ: மரம் மேற்கே விழுகிறது. கச்சானை எதிர்த்தா? போகட்டும்.

நான் இப்படி எழுதி அடித்துக்கொண்டிருக்கையில், வடிவம்மாள் மகளைக் கைத்தாங்கலாகத் தெருவைக் கடத்தி எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். சத்தியமாக இதை நான் எழுதவில்லை.

“அண்ணாச்சி, மரம் ஒமக்கு வேணும்னா பிரசவமும் ஒம்ம வீட்டுலதான்.”

பிள்ளை பிறந்தால் வீட்டுக்குத் தீட்டு, சாமி விளக்கு ஏற்ற முடியாது, தோணி கிளம்புகிற சமயம் வேறு. அண்ணாச்சி இதையெல்லாம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மனைவி சீனித்தாய் சிப்பங்களைத் தெருவில் உருட்டிவிட்டு, முன்னறையைக் கூட்டிப் பாய் விரித்துவிட்டாள். மருத்துவச்சிக்கும் ஆள் போயிற்று. அண்ணாச்சிக்குச் சரக்கை வெயிலில் விட மனசு வரவில்லை. வாகையடியில், மரம் சாய்ந்த பக்கத்து நிழலில் அடுக்கிவைத்து, காவலுக்குத் தானும் உட்கார்ந்துகொண்டார். தலைக்கு மேலே மரம் கிறீச்சிட்டது.

இப்போது மரத்தை விழவைத்தால் கதை நியாயமாக முடியும். பேனா அரித்தது. ஆனால் கருப்பட்டிமேல் ஆசை வைத்தான் என்பதற்காக ஒரு மனுஷனைக் கொல்ல எனக்கு யார் அனுமதி கொடுத்தது?

5

உள்ளே பிள்ளை அழுதது. சீனித்தாய் வாசலுக்கு வந்து, பொம்பளைப்பிள்ளை, தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம், வந்து பாருங்கள் என்று புருஷனைக் கூப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அண்ணாச்சி பாதி எழுந்தார். சிப்பங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இத யாரு பாத்துக்கிடுவா?”

நான் பார்த்துக்கொள்கிறேன், போங்கள் அண்ணாச்சி என்றேன். வாய்தவறி வந்ததுதான், ஆனாலும் வாக்கு வாக்குத்தானே. அவர் துண்டை உதறிக்கொண்டு உள்ளே ஓடினார். நான் அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வாசகரே, இதற்குமேல் இந்த மரத்தைப் பற்றி நான் முடிவெடுப்பது முறையல்ல, சம்பந்தப்பட்டவனாகிவிட்டேன். உங்கள் ஊரில் மரம் வெட்ட யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கொஞ்சம் சீக்கிரம் கேளுங்கள். காற்று வலுக்கிறது.