மாதா காலடியில் வைத்த சீட்டு

...கால் வீங்கவில்லையாம், நாற்பது வருஷம் பாலைவனத்தில் நடந்தவர்களுக்கு. நேற்றுப் பூசையில் சாமியார் வேதத்திலிருந்து பிரெஞ்சில் இதைத்தான் நீட்டி முழக்கினார், நடந்து வந்த வழியையெல்லாம் நினைத்துப் பாருங்கள், ஆண்டவர் உங்களை எப்படி நடத்திவந்தார் என்று மறக்காதீர்கள்... எனக்கு எட்டு நாள் இந்த ஆபீஸ் வரிசையில் நின்றதிலேயே கால் உப்பிப்போய்விட்டது, அழுத்தினால் குழி விழுகிறது, வலி மட்டும் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் என் புருஷன் இக்னாஸ் வடக்கே சண்டையில் செத்தார் என்று காயிதம் வந்தபோதும் இப்படித்தான், அழுகை வரவில்லை, அடுப்பில் சோறு குழைகிறதே என்று எழுந்துபோனேன். இப்போது பிரெஞ்சுப் பட்டாளம் சைகோனை விட்டுப் போகிறது, கூடவே அவரைப்போன்ற காரைக்கால் சொல்தாக்களின், அதுதான் சிப்பாய்களின், குடும்பங்களும். வெள்ளிக்கிழமை மார்சேய்க்குக் கப்பல். எட்டு வயது மகள் மாதலேன் என் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் இடம் உண்டா என்பது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா ரேமோன் கையில். புதுச்சேரிக்காரர், தமிழில் பேசுகிறார், அதுவரைக்கும் புண்ணியம்.

"கோயில் காயிதம் செல்லாதும்மா," என்கிறார். "மேரிக் காயிதம் வேணும். மேரியில கல்யாணத்த எழுதினீங்களா?" எழுதினேனே என்று வாயைத் திறந்துவிட்டேன், அவர் பென்சிலால் ஜன்னலுக்கு வெளியே காட்டுகிறார், மணிக்கூண்டு வைத்த நகரசபை மாளிகை, பிறப்பு இறப்பு கல்யாணம் எல்லாம் பதியும் இடம், அவர்கள் ஊரில் அதற்குப் பேர் மேரியாம். எனக்கு யார் சொன்னார்கள்? அப்பா நாகப்பட்டினம், இங்கிலீஷ்காரன் சீமை, இங்கே சைகோனில் கான் ஹொய் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், எங்கள் வீட்டில் மேரி என்றால் மாதா மட்டும்தான். கல்யாணத்தன்று கோயில் வாசலில் இக்னாஸ் சொன்னார், "மேரியில எழுதணும், அது ஒண்ணுதான் பாக்கி." நான் ஓடினேன், பட்டுப்புடவையோடு, ஒரு சீட்டில் இரண்டு பேர் பெயரையும் எழுதி மடித்து மாதா காலடியில் வைத்துவிட்டு வந்தேன். அட கூறுகெட்டவளே.

"புள்ள பேரு இருக்கு," ரேமோன் பதிவேட்டைத் திருப்புகிறார். "அப்பாவே வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. புள்ள பிரெஞ்சு, கப்பல்ல போலாம். உங்க பேருக்கு நேரா கல்யாணம்னு ஒண்ணும் இல்லியே..." இக்னாஸின் கையெழுத்துத்தான், கடைசி எழுத்தின் வால் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. ஆக, அந்த மாளிகைப் படி அவருக்குத் தெரிந்திருக்கிறது, பிள்ளைக்காக ஏறியிருக்கிறார். சரி சாமி, நினைத்துப் பார்க்கிறேன், வந்த வழியை எல்லாம்... அன்றைக்கு மாதாவிடமிருந்து திரும்பி வந்தேன், மூச்சு வாங்கியது, "எழுதியாச்சு," என்றேன். "எங்க எழுதின?" என்றார். சுரூபத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார், மாதாவை, பிறகு என்னை, ஏதோ சொல்ல வந்தவர் சிரித்துவிட்டார். "சரி, போதும், வா," என்றார். பத்து வருஷமாக அந்தச் சிரிப்பைப் பிரியம் என்றே வைத்திருந்தேன். பிரியமாகவும் இருக்கலாம், யார் கண்டது, மறுநாள் போய்க்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம்... பிள்ளைக்குப் போனவர் எனக்கு ஏன் போகவில்லை?

"புள்ளைய மட்டும் எழுதட்டுமா?" ரேமோன் பேனாவை மையில் தொட்டுவிட்டார். மாதலேன் என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். இடது கால் வலிக்க ஆரம்பித்திருக்கிறது.