ரப்பருக்கு ஆகாத எண்ணெய்

தீபாவளி விடியலில் என் வீட்டுக்காரர் ராசாங்கம், கிண்ணத்தில் காய்ச்சிய நல்லெண்ணெயோடு வந்து நின்றார். நான் இடுப்பைச் சுற்றியிருந்த ரப்பர் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஏதோ திருடன் வந்தது போல.

போன வருஷம் எறையூர் சர்க்கரை ஆலைக்கு வண்டியில் கரும்பு ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மாசக்கணக்கில் பாயில் கிடந்தேன். திருச்சி டாக்டர் எழுதிக் கொடுத்த இந்தப் பெல்ட்டுதான் என்னை நிமிர்த்தியது. மார்புக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரை அப்பிக்கொள்ளும். முதுகுப் பக்கம் நாடா. தினமும் காலையில் அவர்தான் இழுத்துக் கட்ட வேண்டும். முரட்டு மாட்டைக் கட்டிப் பழகிய கை, என் இடுப்பில் மட்டும் அத்தனை பதமாக இருக்கும். சாயங்காலம் அவரே சோப்புத் தண்ணீரில் அலசி, வீட்டுக்குள் நிழலில் காயவைத்து, பவுடர் தூவி வைப்பார். தன் முகத்துக்கு ஒருநாளும் பவுடர் போட்டதில்லை மனுஷன்.

இது இரண்டாவது; முதல் பெல்ட்டு எண்ணெயால் போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதை மாட்டிக்கொள்வேன். பாகு மாதிரி பிசுபிசுத்து, கட்டும்போதே கிழிந்துவிட்டது. கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "எண்ணெ பட்டா ரப்பர் உருகிடும்மா" என்றார். அன்றோடு எண்ணெயைத் தொடவில்லை. தலைமுடி சோளத்தட்டையாய்க் காய்ந்து கிடந்தது.

"நல்ல நாளும் அதுவுமா தலைய இப்படிப் போட்டு வைக்காத, வேம்பு."

"குளிச்சாலும் ஒடம்புல எண்ணெ நிக்கும்ங்க. இந்தப் பெல்ட்டும் போயிட்டா மறுபடி பாயிதான். மலர்க்கொடிக்குத் தலதீபாவளி. மாப்ள முன்னாடி நான் சுருண்டு கெடக்கவா?"

"இன்னிக்கு ஒருநா அது கொடியில கெடக்கட்டும்."

"வடை யாரு சுடறது? செத்துப்போன ஒங்க அம்மா எந்திரிச்சு வருவாங்களா?"

சிரித்தார். நாடாவை அவிழ்த்தார். உச்சந்தலையில் எண்ணெய் இறங்கியதும் அழுதேவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை சுகமாக இருந்தது.

குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். நான் குனியக் கூடாதென்று அவர் செங்கல் வைத்து உயர்த்திக் கட்டிய அடுப்பு. முதல் வடையைப் போடுவதற்குள் இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. அவர் பின்னால் வந்து நின்று, பெல்ட்டு பிடிக்கும் இடத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பிடித்தார்.

"ம், போடு."

போட்டேன். வலி அடங்கியது.

கொல்லைக் கதவு திறந்தது. மகளும் மாப்பிள்ளை அண்ணாதுரையும் குளித்த ஈரத்தோடு உள்ளே வந்து, அப்படியே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை எதிரில் முந்தானையை இழுத்துப் போர்த்தாமல் நான் நின்றதே கிடையாது.

"கைய எடுங்க" என்று முணுமுணுத்தேன்.

"எடுத்தா நிப்பியா?"

சட்டியில் வடை ஒரு பக்கம் சிவந்திருந்தது.

"இருங்க, இத எடுத்துடறேன்" என்றேன். திருப்பிப் போட்டு, சிவந்ததும் எடுத்தேன். பிறகு மாவை உருட்டி, அடுத்த வடையைத் தட்டிப் போட்டேன்.