எதிராளிக்குத் தெரியாத தீர்ப்பு

பத்து மணிக்கு வழக்கு. பத்து நிமிடம் இருக்கும்போது தீர்ப்புகள் தொகுத்த புத்தகத்தில் ஒரு தீர்ப்பு என் கண்ணில் பட்டது.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத வாடகைதாரரை வீட்டுக்காரர் காலி செய்ய வைக்கலாம் என்று மேல்நீதிமன்றம் போன மாதம்தான் சொல்லியிருந்தது. என் கட்சிக்காரரான தையல்கார அக்காவிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. ஃபீஸ் வாங்காமல் நான் எடுத்த வழக்கு. தோற்றால் இரண்டு பிள்ளைகளோடு அவர் தெருவில் நிற்க வேண்டும்.

என் குமாஸ்தா புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "எதிர் வக்கீலுக்கு இது தெரியாதும்மா. நீங்களே எடுத்துக் கொடுத்தா சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிற மாதிரி."

"தெரிஞ்ச சட்டத்த கோர்ட்டுல மறைச்சா நான் வக்கீலா, களவாணியா?" என்று கத்தியேவிட்டேன்.

அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வழக்கைக் கூப்பிட்டதும் தீர்ப்பை நீட்டினேன். "இது எங்களுக்கு எதிரானதுதான் ஐயா. ஆனாலும் நீங்க பாக்கணும்."

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெண்கலத் தொண்டை. "அச்சு அசலா எங்க வழக்குதான் ஐயா! இதன்படியே முடிச்சு வைங்க!"

நீதிபதி கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தார்.

"காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை நேர்ல கொடுத்திருந்தாத்தான் இது செல்லும்னு போட்டிருக்கே. கொடுத்தீங்களா?"

"கதவுல... ஒட்டினோம் ஐயா." வெண்கலம் தகரமாகிவிட்டது.

"இதன்படி முடிக்கச் சொன்னது நீங்கதானே? வீட்டுக்காரர் மனு தள்ளுபடி."

குதிக்காத குறைதான்! வராந்தாவில் குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசிப் பக்கத்துல அது இருக்குன்னு தெரிஞ்சுதானே கொடுத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லக்கா. அவசரத்துல முதல் பக்கம்தான் படிச்சேன்."

"அப்போ தோத்துருவோம்னு நெனச்சுக்கிட்டேதான் கொடுத்தீங்களா?"

"ஆமாக்கா."

கையை விட்டுவிட்டார்.

"இனிமே எந்த வழக்குன்னாலும் உங்ககிட்டதான் வருவேன்" என்றார். "ஆனா முழுசாப் படிச்சிட்டு வாங்க."