முதல் இங்கிலீஷ் வாக்கியம்

என் மகள் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வாக்கியம், "மை மதர்ஸ் நேம் இஸ் செலின்." சொல்லிக்கொடுத்தவள் நான். என் பெயர் ஜூடித்.

செலின் என் கணவரின் அண்ணன் பாக்கியசாமியின் மனைவி. இருவரும் பதினைந்து வருடமாகப் பினாங்கில் இருக்கிறார்கள், பிள்ளை இல்லை. அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். "ஷைலாவ எங்களுக்குத் தத்துக் குடுத்ததா ஒரு பத்திரம் போட்டா முடிஞ்சுது. வெறும் காகிதந்தானே" என்று போனில் சொன்னார் பாக்கியசாமி அத்தான். ஆனால் பள்ளிக்கூடத்தார் வீடியோவில் பிள்ளையிடமே பேசுவார்களாம். அம்மா ரங்கூனில் இருக்கிறாள் என்று அவள் உளறிவிட்டால் படிப்புக்காகச் செய்த ஏற்பாடு என்று தெரிந்து, இடம் போய்விடும்.

என் கணவர் தாமஸுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. தன்லியின் என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலைக்குப் பஸ் பிடிக்க ஓடுகிற அவசரத்திலும் சண்டை போட்டார்.

"ஏழு வயசுப் புள்ளைக்கு இங்கிலீஷுக்கு என்னடி அவசரம்? விழுந்த பல்லே இன்னும் மொளைக்கல."

"இங்க என்ன பள்ளிக்கூடம் நடக்குது? பாதி வாத்தியாருங்க இல்ல. கரண்டு இல்ல. என்னைய மாதிரி க்ளினிக்கு வாசல்ல உக்காந்து 'வெயிட் ப்ளீஸ்'னு சொல்லிச் சொல்லியே இவளும் கெழவியாகணுமா?"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் தாமஸ் கையெழுத்துப் போட்டார். செலின் அக்கா வாக்கியங்களைப் போனில் பேசி அனுப்பினாள். நான் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

அன்றிலிருந்து நான் ஆண்ட்டி. அம்மா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எனக்கு நானே சட்டம் வைத்துக்கொண்டேன். பர்மியத்தில் 'அமே' என்றாலும் திரும்பமாட்டேன். ஷைலாவுக்கு முதலில் அது விளையாட்டு. அவளைச் சோதிக்க நானும் தந்திரம் செய்வேன். கன்னத்தில் தனாக்காப் பட்டையை அரைத்துப் பூசிவிடும்போது, "அப்பா போயாச்சு, யாரும் கேக்கல. ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டுக்கோ" என்பேன் மெதுவாக. ஆசையாகக் கூப்பிட்டுவிடுவாள். "தோத்துட்டியா!" என்று கிள்ளுவேன். மூன்று முறை இப்படித் தோற்றாள். நான்காம் முறை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். "வெரி குட்" என்று முத்தம் கொடுத்தேன். அதன்பிறகு அவள் தோற்கவே இல்லை; ஒவ்வொரு தடவையும் ஒரு 'வெரி குட்'. எனக்கு அவ்வளவு பெருமை. என்ன ஜென்மமோ நான்!

ஆண்ட்டி ஆனபிறகு என்னை 'நீங்க' என்று பேச ஆரம்பித்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கேட்டாள்.

"ஆண்ட்டி, இது பொய்தானே? புதுநன்மைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லணுமா?"

"நீ சொல்ல வேணாம். அது என் பாவம்."

அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்தப் புதுநன்மை பினாங்கில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளை கவுனுக்கு முதுகில் பொத்தான் போடப்போகிறவள் செலின்.

வீடியோவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஷைலா கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டாள். அடிபட்டால் நம் வாயில் என்ன வரும்? எண்பது வயதுக் கிழவனும் கல் தடுக்கினால் அம்மா என்றுதான் அலறுவான். இவளும் "அம்..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வந்ததை விழுங்கிவிட்டு, "ஆண்ட்டி!" என்று கதறினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த தாமஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அன்றைக்கே நான் இதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நகம் கறுத்த விரலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, இனி இவள் வாய் தவறமாட்டாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றுவரை என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.

அவள் தவறவும் இல்லை. வீடியோவில் வந்த அம்மாள் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் கணீரென்று, "மை மதர்ஸ் நேம் இஸ் செலின்." மறுவாரமே இடம் கிடைத்துவிட்டது.

கூட்டிப்போக செலின் அக்கா வந்தாள். மிங்கலாடோன் விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, நாங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நல்லவள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தாமஸ் பிள்ளையைத் தூக்கி ஒருமுறை அணைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். எத்தனையோ நாளாக நான் காத்திருந்தது இதற்குத்தான்.

"ஷைலா, எல்லாம் முடிஞ்சு போச்சுடி. யாரும் கேக்கல. ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கறுத்த நகம் தெரிய இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வெளையாட்டு இல்லடி. நெசமாத்தான் சொல்றேன். கூப்பிடு, தங்கம்."

"நான் ஏமாறமாட்டேனே, ஆண்ட்டி!" விழுந்த பல்லின் இடைவெளி தெரியச் சிரித்தாள். சிரித்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதை நான் சொல்வதற்காகக் காத்து நின்றாள். செலின் அக்கா நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினாள்.

"வெரி குட்" என்றேன்.