இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

நாகலாபுரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு கரிசல்காட்டு ஊரில், உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு அமுதவள்ளி ஒரே ஒரு கவலையோடு திரிந்தாள். கப்பலின் சரக்கறைக் கதவைத் திறந்தது யார்? மழை வருமா வராதா என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஊரின் கவலை. இது அவளுடைய கவலை.

பள்ளி நூலகத்தில் இருந்த தடித்த நாவல் அது. அட்டையும் முதல் இரண்டு தாள்களும் எப்போதோ போய்விட்டதால் பெயர் தெரியாது. காணாமல் போன அண்ணனைத் தேடி மரகதம் என்ற பெண் கப்பலில் ஒளிந்து போகிற கதை. தூத்துக்குடிக் கடலை ஒரே ஒரு தடவை பார்த்தவள் அமுதவள்ளி. ஆனாலும் சத்துணவுத் தட்டைக் கழுவிவைத்துவிட்டு தினமும் நூலக அறைக்கு ஓடி, நின்றபடியே இருநூற்றுப் பதின்மூன்று பக்கம் படித்திருந்தாள். அந்தப் பக்கம் 'கதவு மெல்லத் திறந்தது. உள்ளே வந்தது' என்று முடிந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. தீப்பெட்டி ஆபீசிலிருந்து அம்மாவின் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்த, மருந்து முக்காத குச்சி ஒன்றை அடையாளத்துக்கு வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள், நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராதாமணி டீச்சருக்கு எட்டயபுரம் பக்கம் மாறுதல் வந்தது. நூலகச் சாவி பி.டி. சார் சுடலைமணி கைக்குப் போனது.

சுடலைமணி சார் நல்ல மனுஷன். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கணக்கு வாத்தியார் அவருடைய விளையாட்டுப் பீரியடை எல்லாம் பிடுங்கிக்கொண்டதால் சும்மா இருக்கிறாரே என்று தலைமையாசிரியர் இந்த வேலையைக் கொடுத்திருந்தார். "மார்க்குக்காக இல்ல சார், பிள்ளைங்க சந்தோஷத்துக்காகப் படிக்கணும்" என்று சொல்லியும் விட்டார். சார் சந்தோஷத்துக்கு ஏற்பாடு செய்தார். அவருக்குத் தெரிந்த ஏற்பாடு வரிசைதான்.

மதிய இடைவேளையில் அறை பூட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை நாலாவது பீரியடில் மட்டும் திறப்பு, பீரியட் முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அலமாரியில் புத்தகங்களைத் தடிமன் வாரியாக அடுக்கினார். வெளியே பிள்ளைகளை, நெட்டை முன்னால் வரும்படி உயர வாரியாக நிறுத்தினார். நெட்டையனுக்குத் தடிப் புத்தகம், குட்டைக்கு மெலிசு. இதைவிட நியாயம் உலகத்தில் உண்டா? முப்பத்திரண்டு பேருக்கும் கொடுத்து முடித்து விசிலை ஊதினார்.

"ம்... சந்தோஷமாப் படிங்க!"

வகுப்பிலேயே நெட்டையன் இசக்கிராஜா. கப்பல் அவன் கைக்குப் போனது. வகுப்பிலேயே குள்ளம் அமுதவள்ளி. அவளுக்குக் கிடைத்தது கீரைகளின் பயன்கள் பற்றிய பதினாறு பக்கப் புத்தகம். அவள் கீரையை மூன்று தடவை படித்து முடித்தபோது, இசக்கிராஜா கப்பல்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு வயிறு எரிந்தது.

"சார், எனக்கு அந்தப் பொஸ்தகம் வேணும் சார்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாவனும் கேப்பான். வரிசை குலைஞ்சிரும்" என்றார் சார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காளின் குதி உயர்ந்த செருப்பை மாட்டி, கொண்டையை உச்சந்தலையில் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். சார் செருப்பைக் கழற்றச் சொன்னார். கொண்டை உயரத்தில் சேராது என்றும் சொன்னார். சேர்ந்திருந்தாலும் பக்கத்தில் நிற்கிற விஜியைத்தான் தாண்டியிருப்பாள். இசக்கிராஜாவை எட்ட நாலைந்து வருஷம் ஆகும், அதுவும் அவன் வளராமல் நின்றால்.

மூன்றாம் வாரம் மானத்தை விட்டு அவனிடமே போனாள்.

"ஏலே, குச்சி வச்சிருக்கேன் பாரு, அதுக்கு அடுத்த தாளப் பொரட்டு. கதவத் தொறந்து வந்தது யாருன்னு மட்டும் சொல்லு."

"இதெல்லாம் எனக்கு எதுக்குட்டி?" என்று கொட்டாவி விட்டான்.

"ஒரு வரிதாம்லே."

தாளைப் புரட்டினான். ஒரு வரி படித்தான். அவள் காத்திருந்தாள். இரண்டாவது வரிக்குப் போனான். உதடு அசைந்தது. அந்தப் பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டான். "யாருலே?" என்று கிள்ளினாள். கையைத் தட்டிவிட்டுப் படித்தான். பீரியட் முடிந்து விசில் ஊதியபோதுதான் தலை நிமிர்ந்தது.

"சொல்லுலே!"

"சொன்னா நல்லா இருக்காது. நீயே படிச்சுக்க."

தூங்குமூஞ்சி சொல்கிற பேச்சா இது! நாலாம் வாரம் அவன் முன்னூறாம் பக்கத்தைத் தொட்டுவிட்டான். புத்தகத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று அவள் ரகசியமாகக் கேட்டதற்கு, "சார் முட்டி போடச் சொல்லுவாரு" என்று பயந்தவன் மாதிரி நடித்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கீரைப் புத்தகம் தலைகீழ்ப் பாடம் ஆகியிருந்தது.

சுதந்திர தின அணிவகுப்புக்கு அடுத்த வாரம் ஒத்திகை நடந்தது. அங்கேயும் உயர வரிசைதான், அமுதவள்ளி கடைசிதான். வேப்பமரம் வரை போனதும் சார் "அபவுட் டர்ன்!" என்று கத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். அமுதவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முன்னால் ஒருத்தருமில்லை, வெறும் மைதானம். முப்பத்தொரு பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நூலக வாசலில் வரிசை நின்றதும் கையைத் தூக்கினாள்.

"சார், கிரவுண்டுல அபவுட் டர்ன் சொல்லுதீங்கள்லா?"

"ஆமா."

"இங்கனயும் ஒருக்கா சொல்லுங்க சார். வரிசை குலையாது."

சார் சாவிக்கொத்தைச் சுழற்றியபடி யோசித்தார். வரிசை அதே வரிசைதான். உயரமும் அதே உயரம்தான். எப்படிப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியவில்லை. இருபது வருஷமாகக் கத்திய கத்தலை ஒரு பிள்ளையாவது காதில் வாங்கியிருக்கிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

"ஒன்பதாங் கிளாஸ்... அபவுட் டர்ன்!"

சார் வரிசையின் இந்த முனையிலிருந்து கொடுக்க, முதல் புத்தகமான கப்பல் அமுதவள்ளிக்கு வந்தது. இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கடைசிப் புத்தகம் கீரை. அதை வாங்கிய இசக்கிராஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விசில் ஊதியதும் சத்தம் காட்டாமல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏட்டி, எனக்குக் கடைசி முப்பது பக்கம்தான் பாக்கி. அவ அண்ணன் உசுரோட இருக்கானா? அத மட்டும் பாத்துச் சொல்லிரு. ஒரு வரிதாண்டி."

குச்சி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அமுதவள்ளி தாளைப் புரட்டினாள். முதல் வரியைப் படித்தாள். சந்தோஷத்தில் அழுகை வரும்போல இருந்தது. படிக்கிற வேலை இருந்ததால் அழவில்லை.

"ஏட்டி..."

"சொன்னா நல்லா இருக்காதுலே" என்றாள், தலையைத் தூக்காமல். "கீரையப் படி."

கதவைத் திறந்தது யார் என்று உங்களுக்கும் தெரிய வேண்டுமானால், அவளிடம் கேட்டுப் பயனில்லை. வெள்ளிக்கிழமை நாலாவது பீரியடுக்குப் போய் வரிசையில் நிற்கலாம். உயரமானவர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.